நடை வரும் வரை பள்ளியைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: எனக்கு 67 வயது. பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அயனாவரத்தில் மகள், மருமகன், இரண்டு பேரக்குழந்தைகளுடன் இருக்கிறேன். பேத்திக்கு எட்டு வயது. பேரனுக்கு நான்கரை வயது. நிறைமாதத்தில் பிறந்தவன், மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை அதிகமாகி, நான்காம் நாள் இரத்தம் மாற்றினார்கள். ஒன்றரை வயதில் 'செரிப்ரல் பால்சி, அத்தெட்டாய்டு வகை' என்று எழுதிக் கொடுத்தார்கள். தலை ஓரளவு நிற்கிறது. பிடித்துக்கொள்ளாமல் உட்கார முடியவில்லை. எதையாவது எடுக்கப் போனால் கைகால்கள் முறுக்கிக்கொள்கின்றன. பேச்சு இல்லை, ஆனால் எல்லாம் புரிகிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. நடக்கத் தொடங்கிய பிறகு பள்ளியில் சேர்க்கலாம் என்று காத்திருக்கிறோம்; விசாரித்த ஒரு பள்ளியிலும் அதையே சொன்னார்கள். ஓரிடத்தில் ஸ்டெம் செல் ஊசியும் ஆக்சிஜன் அறைச் சிகிச்சையும் சேர்த்து ஆறு இலட்சம் கேட்கிறார்கள். என் சேமிப்பை எடுத்துவிட நினைக்கிறேன். மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி ஆயிற்று என்று மகள் இன்னும் அழுகிறாள். இவன் நடப்பானா? எங்கள் காலத்துக்குப் பிறகு இவனுக்கு யார்?

பதில்: அன்புள்ள ஐயா, வணக்கம். நீங்கள் கேட்டவை பல என்றாலும், மகளைப் பற்றி எழுதிய வரிக்கே முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன். கிரகணத்துக்கும் பெருமூளை வாதத்துக்கும் (செரிப்ரல் பால்சியைத் தமிழில் அப்படித்தான் சொல்கிறோம்) எந்தத் தொடர்பும் இல்லை. கருவுற்றிருந்த நாட்களில் அவர் எங்கே போனார், எதை உண்டார், எப்படிப் படுத்தார் என்பவற்றுள் எதுவும் இதற்குக் காரணம் இல்லை. இதை மருத்துவர் சொல்வதைவிட, குடும்பத்தில் மூத்தவரான நீங்கள், மற்றவர்களும் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்னால் அவருக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். நான்கு ஆண்டுகளாகச் சுமந்துவரும் குற்றவுணர்வு ஒரே நாளில் இறங்காது என்பதால், ஒன்றுக்குப் பலமுறையாகச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அந்த மஞ்சள் காமாலைதான். பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் வாரத்தில் உடல் சற்று மஞ்சளாவது இயல்பு. அது தானாகவே வடிந்துவிடும். ஆனால் தாய்க்கும் சேய்க்கும் இரத்த வகை ஒவ்வாமை இருந்தாலோ, ஜி6பிடி என்னும் நொதி குறைவாக இருந்தாலோ, வேறு சில காரணங்களாலோ, பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி அளவு மீறிப் பெருகி மூளைக்குள் புகுந்துவிடும். அப்போது அது மூளை முழுவதையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. அசைவுகளை ஒழுங்குபடுத்தும் ஆழ்பகுதி முடிச்சுகளையும், காதிலிருந்து ஒலியைக் கொண்டுசெல்லும் நரம்புப் பாதையையும், கண்ணை மேல்நோக்கித் திருப்பும் பகுதியையும் தேடிப்பிடித்ததுபோல் தாக்குகிறது. சிந்திக்கும் மேற்பரப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. உங்கள் பேரனைப் பற்றி நான் இனிச் சொல்லப்போகும் ஒவ்வொன்றும் இந்த ஒரு செய்தியிலிருந்துதான் தொடங்குகிறது.

இதைப் படிக்கும் இளம் பெற்றோருக்காக இங்கே ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். காலை வெயிலில் காட்டினால் மஞ்சள் இறங்கிவிடும் என்ற நம்பிக்கையில் நாட்களைக் கடத்தாதீர்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகக் கீச்சென்று அழுது முதுகை வில்லாக வளைத்தாலோ, அன்றே, அது எந்த நேரமாக இருந்தாலும், மருத்துவமனைக்குப் போய் இரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். நீல விளக்குச் சிகிச்சை உரிய நேரத்தில் கிடைத்தால் இந்த வகைப் பெருமூளை வாதத்தைப் பெருமளவு தடுத்துவிட முடியும்.

பெருமூளை வாதம் என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. வளரும் மூளைக்குக் கருவிலோ, பிறப்பின்போதோ, பிறந்த முதல் சில ஆண்டுகளுக்குள்ளோ ஏற்படும் பாதிப்பால் அசைவும் உடல் நிலைப்பாடும் குறைபடும் நிலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வழங்கும் பொதுப்பெயர் அது. ஆயிரம் பிறப்புகளில் ஏறத்தாழ இரண்டு, மூன்று குழந்தைகளுக்கு இது வருகிறது. குறைமாதப் பிறப்பு, எடைக் குறைவு, கருவிலேயே தொற்றும் கிருமிகள், பிறக்கும்போது மூச்சுத் திணறல், மூளைக் காய்ச்சல் எனக் காரணங்கள் பல. லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்னும் அறுவை மருத்துவர் 1861-இல் இதை விரிவாக விளக்கிய காலத்திலிருந்து பிரசவத்தின் மீதே எல்லாப் பழியும் விழுந்துவந்தது. பல குழந்தைகளுக்குப் பாதிப்பு பிரசவத்துக்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது என்பது பின்னர்தான் தெளிவாயிற்று. இவர்களில் பெரும்பாலோருக்குத் தசைகள் இறுகியே இருக்கும்; அதை ஸ்பாஸ்டிக் வகை என்கிறோம். உங்கள் பேரனுக்கு இருப்பது அதைவிட அரிதான அத்தெட்டாய்டு வகை. ஒரு செயலைச் செய்ய அவன் முனையும்போதுதான் கைகால்கள் தம் போக்கில் முறுக்கிக்கொள்ளும், உறங்கும்போது அடங்கிவிடும். மூளையில் நேர்ந்த பாதிப்பு இனிப் பெருகப்போவதில்லை. ஆனால் உடல் வளர வளர மூட்டும் எலும்பும் மாறுவதால், கவனிப்பு ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

முதலில் காதைப் பாருங்கள். இவனுக்குச் செவிப் பரிசோதனை நடந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பலருக்குக் காதின் உட்கருவி நன்றாக இருக்கும், ஆனால் அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் செய்தி குலைந்துவிடும். நிலையம் சரியாகப் பிடிக்காத வானொலியைப் போலச் சத்தம் கேட்கும், சொல் பிரிந்து கேட்காது. குக்கர் விசிலுக்குத் திரும்பிப் பார்க்கிறான், ஆகவே காது நன்றாக இருக்கிறது என்று வீட்டில் முடிவு செய்துவிடுவார்கள். பிறந்தபோது செய்யும் ஓ.ஏ.இ. பரிசோதனையிலும் இவர்கள் தேறிவிடுவது உண்டு, ஏனெனில் அந்தச் சோதனை உட்கருவியை மட்டுமே பார்க்கிறது. நரம்பு வரை பார்க்கும் பெரா பரிசோதனை இவனுக்கு அவசியம். குறை இருந்தால், தன்மையைப் பொறுத்துச் செவிக்கருவியோ, காதின் உட்புறத்தில் மின்கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவையோ சிலருக்குப் பயன் தரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு அந்த அறுவை செய்கிறார்கள். அதற்கு வயது வரம்பு உண்டு என்பதால், இந்த ஒரு பரிசோதனையை மட்டும் அடுத்த மாதத்துக்குக் கூடத் தள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அருகில்தான் இருக்கிறது.

இனி, நடப்பானா என்ற கேள்வி. குழந்தையைப் பார்க்காமல் எழுத்து வழியாகத் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆயினும் நீங்கள் சேமிப்பையும் பேரனின் குழந்தைப் பருவத்தையும் இந்தக் கேள்வியின் மேல் பணயம் வைத்திருப்பதால், தெரிந்ததை மறைப்பது அறமாகாது. கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில் பெருமூளை வாதம் உள்ள 650-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அசைவுத் திறனைக் கொண்டு குழந்தைகளை ஐந்து நிலைகளாகப் (முதல் நிலை மிக இலேசானது, ஐந்தாம் நிலை மிகக் கடுமையானது) பிரித்துப் பார்த்ததில், எந்த நிலையில் இருந்தாலும் ஏறத்தாழ ஐந்து வயதுக்குள், தத்தம் நிலையில் எட்டக்கூடிய அசைவுத் திறனில் 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறார்கள் என்று தெரிந்தது. நான்கரை வயதில் பிடிப்பில்லாமல் உட்கார இயலாத குழந்தை, பின்னாளில் யார் துணையும் கருவியும் இன்றித் தானே நடப்பது மிக அரிது. இதை எழுதும்போது உங்கள் முகம் எப்படி மாறும் என்பதை நான் அறிவேன். ஆனால் இதே அளவு உறுதியாக இன்னொன்றையும் சொல்கிறேன்: நடை வராததால் கல்வியோ, நட்போ, வேலையோ, தன் விருப்பத்தைச் சொல்லி நிறைவேற்றிக்கொள்ளும் வாழ்க்கையோ அவனுக்கு இல்லாமல் போகாது. காத்திருப்பதால் போய்விடும். நீங்கள் செய்துவருவனவற்றுள் நான் உண்மையிலேயே அஞ்சுவது அந்தக் காத்திருப்பு ஒன்றைத்தான்.

ஆகவே 'எப்போது நடப்பான்' என்பதை விட்டு, 'இன்று எப்படி இடம் விட்டு இடம் போவான்' என்று கேளுங்கள். இடுப்பும் முதுகும் தலையும் தாங்கப்படும்படி அளவெடுத்துச் செய்த, பெருமூளை வாதக் குழந்தைகளுக்கான சி.பி. நாற்காலி ஒன்று வீட்டில் இருந்தால், உடலை நிலைநிறுத்துவதிலேயே செலவாகும் அவன் முயற்சி கைக்கும் கண்ணுக்கும் கிடைக்கும்; அத்தெட்டாய்டு வகைக் குழந்தைகளிடம் இந்த மாற்றம் சில நேரம் வியக்கும்படி இருக்கும். பாதம் ஊன்ற ஒரு பலகையும், பற்றிக்கொள்ள முன்னால் ஒரு கம்பியும் வைத்துப் பாருங்கள். நிற்க உதவும் சட்டகத்தில் தினமும் சிறிது நேரம் நிறுத்தலாம். சக்கர நாற்காலியைப் பழக்கினால் கால் முயற்சியை விட்டுவிடுவான் என்ற அச்சம் பல வீடுகளில் இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. மின்சாரத்தில் இயங்கும் நாற்காலியைக்கூடச் சிறு குழந்தைகள் கற்றுக்கொண்டு ஓட்டுகிறார்கள். தானாக நகர்ந்து போய் அக்காவின் புத்தகத்தைக் கலைத்துவிட்டு வரும் உரிமை அவனுக்கும் வேண்டும்.

இடுப்பு மூட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நடக்காத குழந்தைகளுக்குத் தொடை எலும்பின் தலை மெல்ல மெல்லக் கிண்ணத்தை விட்டு விலகும். தொடக்கத்தில் வலி இருக்காது. வலி தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில், நான் மேலே சொன்ன ஐந்து நிலைகளில் நான்காம் நிலையில் இருந்த குழந்தைகளில் 69 விழுக்காட்டினருக்கு இவ்விலகல் காணப்பட்டது. ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே போதும். இத்தனை எளிய பரிசோதனை நம் ஊரில் இத்தனை குழந்தைகளுக்கு விட்டுப்போவது எனக்கு ஆறாத வருத்தம்.

ஸ்டெம் செல் (வேறு உயிரணுக்களாக மாறவல்ல மூல உயிரணு) ஊசிக்குப் பணம் கட்டாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரத்தம் சார்ந்த சில நோய்களுக்குச் செய்யும் மாற்றுச் சிகிச்சை தவிர, மற்ற எதற்கும் ஸ்டெம் செல் செலுத்துவதை முறையாக அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். அத்தகைய ஆய்வில் சேருவோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பணம் கேட்கிறார்கள் என்பதிலிருந்தே அது ஆய்வு இல்லை என்று நீங்கள் அறிந்துகொள்ளலாம். ஆக்சிஜன் அறையைப் பொறுத்தவரை கேள்வி ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. கனடாவின் கியூபெக்கில் 111 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அழுத்தமூட்டிய ஆக்சிஜனும் மற்றதற்குச் சற்றே அழுத்தமூட்டிய வெறும் காற்றும் கொடுத்துப் பார்த்தார்கள்; 2001-இல் வெளியான அதன் முடிவில் இரு பிரிவினருமே ஒரே அளவு முன்னேறியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை தேறியதாக நீங்கள் கேள்விப்படுவது பொய்யாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் இந்த ஆய்வே காட்டுகிறது. குழந்தை வளர்கிறது, பயிற்சி நடக்கிறது, வீட்டார் நம்பிக்கையோடு கூடுதலாகக் கவனிக்கிறார்கள். முன்னேற்றம் வருகிறது, பெயர் ஊசிக்குப் போகிறது. உங்கள் ஆறு இலட்சத்தில் ஒரு பகுதியைச் சரியான நாற்காலிக்கும், படியில்லாத வாசலுக்கும், பேச்சுக் கருவிக்கும் செலவிட்டு, மீதியை அவன் பெயரில் வைத்திருங்கள்.

இதனால் மருத்துவமே வேண்டாம் என்று நினைத்துவிட வேண்டாம். முறுக்கலையும் வலியையும் குறைக்கும் மாத்திரைகள் சில உள்ளன. குறிப்பிட்ட தசையில் போட்டு அதை இளக வைக்கும் போட்டாக்ஸ் ஊசி ஏறத்தாழ மூன்று மாதம் பயன் தரும். உங்கள் குழந்தைக்கு எது பொருந்தும் என்பதைக் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்து இதமாக நீவுவது அவனுக்குப் பிடித்திருந்தால் செய்யுங்கள். ஆனால் கையையோ காலையோ வலுக்கட்டாயமாக நிமிர்த்தும் யாரிடமும் அவனை ஒப்படைக்காதீர்கள். பிடித்து அடக்க அடக்க இவ்வகையில் முறுக்கல் கூடவே செய்யும்.

பிசியோதெரபி எத்தனை மணி நேரம் என்பதைவிட, எதற்காக என்பது முக்கியம். படுக்க வைத்துக் கைகாலை மடக்கி நீட்டும் பயிற்சியில் அவனுக்கு வேலையே இல்லை. செய்வது முழுவதும் பயிற்சியாளர். குழந்தை தானே முனைந்து செய்யும் செயலில்தான் மூளை கற்கிறது என்பதே கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருப்பது. எனவே தெரபிஸ்டிடம் அடுத்த முறை போகும்போது, வரும் மூன்று மாதத்தில் எந்த ஒரு காரியத்தைத் தானே செய்யப் பழக்கப்போகிறோம் என்று கேளுங்கள். அது டம்ளரைப் பிடிப்பதாக இருக்கலாம், அக்காவுக்குப் பந்தை உருட்டி விடுவதாக இருக்கலாம். அந்த ஒன்றை வீட்டில் அன்றாட வேலைகளுக்கு இடையே பலமுறை செய்யட்டும். பேத்தியை இதில் ஆசிரியை ஆக்கிவிடாதீர்கள். அவள் தம்பியோடு விளையாடினால் போதும், சண்டை போட்டாலும் நல்லதே.

இப்போது பேச்சு. எல்லாம் புரிகிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது என எழுதியிருக்கிறீர்கள். தாத்தா பாட்டி சொல்லும் இந்த வார்த்தையை மருத்துவர்கள் பாசத்தின் மிகை என்று ஒதுக்கிவிடுவது உண்டு. நான் ஒதுக்க மாட்டேன். வாயும் கையும் சொன்னபடி கேட்காத குழந்தையிடம், வாயாலும் கையாலும் பதில் சொல்லும் அறிவுத் தேர்வை வைத்துவிட்டு, மதிப்பெண் குறைவு என்று சான்றிதழ் எழுதுவது பெரும் அநீதி. மஞ்சள் காமாலையால் வரும் வகையில் அறிவு நன்றாக இருப்பதற்கான வாய்ப்பு கணிசமானது. அதை வெளியே கொண்டுவர வழி வேண்டும்.

அந்த வழியை இன்றே வீட்டில் தொடங்கலாம். 'ஆம்', 'இல்லை' என்பதற்கு அவனால் தவறாமல் செய்ய முடிந்த இரண்டு செயல்களைக் கண்டுபிடியுங்கள்; சிரிப்பதும் முகத்தைத் திருப்புவதுமாக அது இருக்கலாம். வீட்டில் எல்லோரும் அதையே மதிக்க வேண்டும். பிறகு இட்லிப் படம் ஒன்று, தோசைப் படம் ஒன்று என இரண்டை எதிரெதிரே பிடித்து, எது வேண்டும் என்று கேட்டுவிட்டு, கண் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பத்து விநாடி பொறுத்திருங்கள். நாம் அவசரப்பட்டு நாமே பதில் சொல்லிவிடுவதால்தான் பல குழந்தைகள் பதில் சொல்வதையே கைவிடுகிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இவ்வகைக் குழந்தைகளுக்குக் கண்ணை மேலே உயர்த்துவது கடினம் என்பதால், படங்களை மேலும் கீழுமாக வைக்காமல் இடமும் வலமுமாகக் கண் மட்டத்தில் வையுங்கள். மேலே வைத்த படத்தை அவன் பார்க்கவில்லை என்பதால் புரியவில்லை என்று முடிவுகட்டிய குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு படம் நான்காகும், நான்கு ஒரு பலகையாகும், பலகையில் அ, ஆ, இ வரும். இந்த வழியைக் காட்ட நம் ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். 1985-இல் தொடங்கிய, கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர் என்னும் அமைப்பு இத்துறையில் நெடுங்காலம் உழைத்து வருகிறது. தரமணியில் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. படத்தைத் தொட்டால் குரலில் சொல்லும் 'ஆவாஸ்' செயலி உருவானதும் சென்னையில்தான். இப்படிப் பழக்கினால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடுமோ என்று உங்கள் மகள் கேட்கக்கூடும். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், மாற்றுவழித் தொடர்பால் பேச்சு குறைந்ததாக ஒருவர்கூட இல்லை; பெரும்பாலோருக்குக் கூடியே இருந்தது.

பள்ளிக்கு இதைவிடச் சிறந்த காரணம் வேண்டுமா? வீட்டில் அவன் கண் அசைவை எல்லோரும் புரிந்துகொள்வதால் கேட்காமலே எல்லாம் கிடைத்துவிடுகிறது. ஒத்த வயதுக் குழந்தைகள் நடுவே இருக்கும்போதுதான் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற வேகம் பிறக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன்படி, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பாதிப்புள்ள 6 முதல் 18 வயது வரையிலான எந்தக் குழந்தைக்கும் அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. நடக்க வேண்டும் என்பது எந்தச் சட்டத்திலும் பள்ளிச் சேர்க்கைக்கான தகுதி இல்லை. அந்தப் பள்ளி உங்களிடம் சொன்னது தவறு. மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள், தராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். ஆறு வயது வரை காத்திருக்கவும் தேவையில்லை. பக்கத்து அங்கன்வாடியிலோ, மாநகராட்சிப் பள்ளியின் மழலையர் வகுப்பிலோ, சிறப்பு மையம் ஒன்றிலோ இந்த ஆண்டே தொடங்கலாம். என் விருப்பத்தைக் கேட்டால், முதல் ஓரிரு ஆண்டுகள் தொடர்புப் பலகை பழக்கும் சிறப்பு மையத்திலும், பிறகு அக்கா படிக்கும் பள்ளியிலும் சேர்க்கச் சொல்வேன். பிற்காலத்தில் அரசுத் தேர்வுகளில் எழுதுவதற்கு உதவியாளரும் கூடுதல் நேரமும் கிடைக்கும்.

உணவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இவ்வகைக் குழந்தைகள் ஓயாத அசைவால் மிகுந்த சக்தியைச் செலவழிப்பதால் எடை ஏறாமல் நிற்பார்கள், ஆகவே நானே சொல்கிறேன். மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, தலை சற்றே முன் சாய்ந்திருக்க, நீங்கள் எதிரே அவன் கண் மட்டத்தில் உட்கார்ந்து ஊட்ட வேண்டும். தண்ணீர் போன்ற நீர்மங்கள்தான் எளிதில் புரையேறும். கெட்டியான கேழ்வரகுக் கூழும் நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சாதமும் பல குழந்தைகளுக்கு எளிதாக இறங்கும். உண்ணும்போது அடிக்கடி இருமினாலோ, குரல் கரகரத்தாலோ, நெஞ்சுச் சளி திரும்பத் திரும்ப வந்தாலோ, உணவு மூச்சுக்குழாயில் போகிறது என்று ஐயுற்று மருத்துவரிடம் காட்டுங்கள். காரணம் தெரியாமல் அழுதால் பிடிவாதம் என்று எண்ணுவதற்கு முன் பல், மலச்சிக்கல், இடுப்பு ஆகிய மூன்றையும் பாருங்கள். பெருமூளை வாதம் உள்ளவர்களில் நான்கில் மூவருக்கு ஏதேனும் ஒரு வலி இருக்கிறது. சொல்ல இயலாதவர்களின் வலிதான் நெடுநாள் கவனிக்கப்படாமல் கிடக்கிறது.

சான்றிதழ் வேலைகள் சுருக்கமாக: மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனைக் குழுவிடம் காட்டிப் பெற்றுக்கொள்ளுங்கள். கேட்புக் குறையும் இருந்தால் அதையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லுங்கள். பெருமூளை வாதம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசு அமைத்த தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குப் பெறலாம். தெரபிக் கட்டணமும் அதில் ஒரு பகுதி அடங்கும். மாநில அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மருமகன் வருமான வரி கட்டுபவராக இருந்து, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால், குறைபாடுள்ள குடும்பத்தினரைப் பராமரிப்பதற்கான வரிக் கழிவு கிடைக்கும்.

இன்னும் ஒன்று, உங்கள் முதுகு. அறுபத்தேழு வயதில் அவனைத் தோளில் சுமந்து பேருந்து ஏறி இறங்குகிறவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கக்கூடும். இன்னும் சில ஆண்டுகளில் அவன் எடை இருபது கிலோவைத் தாண்டும். குனிந்து தூக்காமல் உட்கார்ந்து தூக்கும் முறையைத் தெரபிஸ்டிடம் நீங்களும் மகளும் கற்றுக்கொள்ளுங்கள். 2024 முதல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் சில தடங்களில் ஓடுகின்றன. மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. மெரினாவில் மணல் மீது சக்கர நாற்காலி போவதற்கென்று 2022-இல் பாதை அமைத்திருக்கிறார்கள். வேடிக்கை பார்ப்பார்களே என்று அவனை வீட்டுக்குள் வைத்திருந்தால் அந்த வசதிகள் யாருக்கு? மகளுக்குத் தூக்கமும் பசியும் குறைந்து, அழுகை நிற்காமல் இருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. குழந்தைக்குப் பார்க்கும் மருத்துவரிடமே தயங்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் காலத்துக்குப் பிறகு. இந்தக் கேள்வி என்னைத் தேடி வரும் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறது. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன் கீழ், அவனுக்கு 18 வயதானதும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு, தேவைப்பட்டால் சட்டப்படி ஒரு காப்பாளரை நியமிக்கும். தேவைப்படாமலும் போகலாம். பெருமூளை வாதத்தோடு வாழ்ந்து, உயர்கல்வி முடித்து, ஆசிரியராகவும் உரிமைச் செயல்பாட்டாளராகவும் விளங்கும் கொல்கத்தாவின் ஜீஜா கோஷை 2012-இல் ஒரு விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2016-இல் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடும் தமக்குச் சாதகமான தீர்ப்பும் பெற்றார். எல்லோருக்கும் அது வாய்க்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றோருக்குப் பிறகும் பாதுகாப்பாக இருப்பவர்களைப் பார்க்கும்போது, பணம் எவ்வளவு இருந்தது என்பதைவிட, பசி, வலி, விருப்பம், மறுப்பு ஆகியவற்றை வெளியாருக்கும் புரியும்படி சொல்ல அவர்களுக்கு ஒரு வழி இருந்ததா, குடும்பத்துக்கு வெளியே அவர்களை அறிந்த மனிதர்கள் இருந்தார்களா என்பதே வேறுபாட்டை உண்டாக்குவதைக் காண்கிறேன். அந்த இரண்டையும் பள்ளிதான் முதலில் தருகிறது. பெரா, இடுப்பு எக்ஸ்ரே ஆகிய இரண்டின் முடிவுகளும் கைக்கு வந்தபின், எந்த மையத்தில் சேர்ப்பது என்று முடிவெடுக்கத் தயக்கம் இருந்தால், அவற்றை இணைத்து மறுபடி எழுதுங்கள். இரத்தம் மாற்றிய நாளின் மருத்துவமனைக் குறிப்பு கிடைத்தால் அதன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.